அலிப்பூர் நாய் வீட்டுக்கு விற்ற மிஷின்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். வாடிக்கையாளர் வீட்டில் இரண்டு லாப்ரடார், ஏகமாக முடி கொட்டுகிறது, எந்த வாக்குவம் கிளீனரைக் காட்டட்டும் சார் என்று கேட்டார். "அந்த வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யாராவது உண்டா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருப்பார். மரியாதையான பிள்ளை, "அப்புறம் கூப்பிடறேன் சார்" என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை. அவருக்கும், அவரைப் போல இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து, நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். எந்த மிஷின் எத்தனை வேகத்தில் இழுக்கும் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் வழவழத்தாளில் அச்சடித்திருக்கிறது. அதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவில் நான் வாக்குவம் கிளீனர் விற்றேன். அப்பாவுக்குச் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. அவர் ஓய்வு பெற்றதும் டாக்குரியாவில் வாடகைக்கு வந்தோம். எனக்குத் தமிழ், வங்காளி, இந்தி, ஆபீஸ் இங்கிலீஷ் நான்கும் வரும் என்பதால் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தெற்குக் கல்கத்தாவில் தமிழ் வீடுகள் நிறைய. பாங்கு அதிகாரிகள், கம்பெனி அதிகாரிகள், அக்கவுண்டண்டுகள். மே மாத வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு அந்த வீடுகளின் படியேறுவது என் வேலை. டை கட்டாதவனிடம் யாரும் மின்சாரச் சாமான் வாங்க மாட்டார்கள் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். அந்த மேலிடத்தில் ஏர்கண்டிஷனர் இருந்தது.

எங்கள் சூப்பர்வைசர் ஷியாம்பஜார் பக்கத்து வங்காளி. எல்லோரும் அவரைத் தாதா என்போம், அதாவது அண்ணன். விற்பனையில் புலி. அவரிடம் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, 'இல்லை' என்பது வாடிக்கையாளருக்குச் சொந்தமான வார்த்தை, அது நம் வாயில் வரக் கூடாது. இன்னொன்று, கறுப்புத் துணி.

கறுப்புத் துணி வித்தையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்காரம்மா காலையில்தான் தட்டி, பெருக்கி, துடைத்து முடித்திருப்பார். நாங்கள் போய் அதே சோபாவில், அதே கம்பளத்தில் மிஷினைச் சற்று நேரம் ஓட்டுவோம். பிறகு கூடத்தின் நடுவில் ஒரு கறுப்புத் துணியை விரித்து, மிஷினின் பையைக் கழற்றி அதன் மேல் உதறுவோம். குவியலாகத் தூசி விழும். வீட்டுக்காரர் அதைப் பார்ப்பார், பிறகு மனைவியைப் பார்ப்பார். அந்த அம்மாள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார். அதோடு ஆர்டர் முடிந்தது. எனக்கு அந்த வித்தை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஆனால் அது நன்றாக விற்றுக் கொடுத்தது, நானும் துணியை மடித்துத் தோள்பையில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தேன்.

அலிப்பூரில் ஒரு பழைய மூன்று மாடி வீடு. இரண்டாவது மாடியில் ராகவன் என்ற பாங்கு அதிகாரியும் அவர் மனைவி கமலாவும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து காட்டும்படி கமலா எங்கள் ஆபீசுக்குப் போன் செய்திருந்தார். தாதாவும் என்னுடன் வந்தார். நான் வேலையில் நிரந்தரமாவதற்கு முன் அவர் ஒருமுறை என்னைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது வழக்கம். எங்களிடம் இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று பீப்பாய் போன்ற பெரியது. இன்னொன்று சக்கரம் வைத்த சின்ன உருளை, நீண்ட குழாய் உள்ளது. பெரியதை விற்றால் தாதாவுக்கு ஆபீசில் நல்ல பெயர் என்று எனக்குத் தெரியும்.

மணி அடித்ததும் உள்ளே இரண்டு குரல் குரைத்தது. ஒன்று கனத்த குரல், மற்றது கீச்சுக் குரல். கமலா ஒரு கையால் கதவையும் மறு கையால் ஒரு ஆல்சேஷனின் கழுத்துப் பட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காலடியில் வெள்ளைவெளேரென்று ஒரு பொமரேனியன்.

"பயப்படாம வாங்கோ. சீசர் ஒண்ணும் பண்ணமாட்டான். பிங்கி மட்டும் சாக்ஸைப் பிடிச்சு இழுப்பா" என்றார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிவப்புச் சிமெண்டுத் தரை. அதன் நடுவில் பெரிய கம்பளம். வெயில் காலத்தில் நாய்க்கு ரோமம் எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். பிங்கியின் வெள்ளை ரோமம் சிவப்புத் தரையில் பளிச்சென்று தெரிந்தது. சீசரின் கறுப்பு ரோமம் கம்பளத்தில் குத்திக்கொண்டு கிடந்தது. மேலே ஃபேன் சுற்றச் சுற்ற, மூலையில் இருந்த ரோமம் உருண்டு உருண்டு இடம் மாறிக்கொண்டிருந்தது.

ராகவன் வெள்ளை வேட்டியோடு சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. பேச வேண்டியதைக் கமலாவே சொன்னார்.

நாய்கள் அவர்கள் வாங்கியவை அல்ல. கீழ்வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்திய டீச்சர் ஆன்டி, மகனோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். நாய்களைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை. கடைசிவரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று கமலா அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். இப்போது கும்பகோணத்தில் தனியாக இருக்கும் மாமனாரை இங்கேயே கூட்டிவந்து வைத்துக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது. ஒன்றிரண்டு மாதத்தில், ரத யாத்திரை சமயத்தில் வந்துவிடுவார். அவர் ஆசாரம் மிக்கவர். மேஜையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார், தரையில் மணை போட்டுத்தான்.

"எங்கப்பா தட்டுல ஒரு ரோமத்தைப் பாத்தார்னா எழுந்துடுவார். அன்னிக்கு முழுக்க ஒண்ணும் சாப்பிடமாட்டார். எங்கம்மா இருந்த காலத்துலேயே அப்படித்தான். எழுபத்தஞ்சு வயசுல அவரை இங்க கூட்டிண்டு வந்து பட்டினி போட முடியுமா?" என்றார் ராகவன்.

அதனால் சீசரைப் பஜ்பஜ் பக்கம் ஒரு நண்பரின் கிடங்குக் காவலுக்கு அனுப்புவதாக அவர் ஏற்பாடு செய்துவிட்டார். பிங்கியை யாரும் கேட்கவில்லை. கமலா மன்றாடி ஒரே ஒரு சலுகை வாங்கியிருந்தார். வாக்குவம் கிளீனர் என்று ஒன்று வந்திருக்கிறதாம், அதை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று. அந்த ஒருமுறைதான் நாங்கள்.

இதெல்லாம் தமிழில் நடந்த பேச்சு. தாதாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அழுக்கு நிறைய இருக்கிறது, ஆகவே வியாபாரம் நிச்சயம் என்பதுதான். பேச்சு முடிவதற்குள் அவர் பெரிய மிஷினைக் கூடத்தின் நடுவில் வைத்து, ஒயரைச் செருகி, என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

ஒன்றை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மிஷினானாலும் ஒரு பக்கம் இழுத்த காற்றை இன்னொரு பக்கம் வெளியே விட்டாக வேண்டும். நாங்கள் பயிற்சி எடுத்தது சாம்பலிலும் மணலிலும். அவை தரையில் அடங்கிக் கிடக்கும். நாய் ரோமத்துக்கு அந்த அடக்கம் கிடையாது. தாதா வைத்த இடத்தில் மிஷினின் காற்று போகும் வழி நேராகச் சோபாவின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சோபாவின் அடிதான் பிங்கி தூங்கும் இடம்.

மிஷினைப் போட்டேன். அது உறுமியதும் சீசர் பதிலுக்கு உறுமியது. தரையில் நகர்ந்து வரும் அந்த மிருகத்தைக் கடிக்கப் பாய்ந்ததைக் கமலா பட்டையைப் பிடித்து நிறுத்தினார். பிங்கி ஓலமிட்டுக்கொண்டு சமையலறைக்குள் ஓடியது. நான் கம்பளத்தின் ஒரு மூலையைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே, சோபாவின் அடியில் சேர்ந்திருந்த ரோமம் மொத்தமும் கிளம்பி மேலே வந்தது. மேலே வந்ததை ஃபேன் வாங்கிக்கொண்டது. கூடம் முழுக்க ரோமம். ராகவனின் தோளில், கமலாவின் தலையில், தாதாவின் டையில், எங்கும்.

அந்த நேரம் பார்த்து லோட் ஷெட்டிங்.

கல்கத்தாவில் அந்த வருஷங்களில் கரண்ட் போவது செய்தியே அல்ல. ஆனால் அன்றைக்குப் போனது போல எனக்கு எப்போதும் போனதில்லை. மிஷின் முனகி நின்றது. ஃபேன் மெல்ல மெல்ல நின்றது. சத்தமெல்லாம் அடங்கிய கூடத்தில் ரோமம் மட்டும் நிதானமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வெள்ளை ரோமம் ஆடி ஆடி வந்து ராகவனின் காபி டம்ளருக்குள் விழுந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இத பாருங்கோ மிஸ்டர். இதோட பவர், பிரஷ் எதையும் நீங்க எனக்கு விளக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். இத வாங்கினா எங்கப்பா இந்த ஆத்துல கீழ உக்காந்து, ஒரு ரோமம் இல்லாம சாப்பிட முடியுமா? முடியும், முடியாது, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ. அதுக்கு மேல நமக்குள்ள பேச்சு வேண்டாம்."

கமலா என்னைப் பார்த்தார். சீசரின் பட்டையை அவர் இன்னும் விடவில்லை. நான் என்ன சொல்ல வேண்டும் என்று அந்தக் கண் கெஞ்சியது.

முடியும் என்று சொல்வது சுலபம். தாதாவின் பாடமும் அதுதான். ஆர்டர் கிடைக்கும், நானும் நிரந்தரமாவேன். ஆனால் கிழவர் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ரசத்தில் ஒரு ரோமம் மிதக்கும். அவர் எழுந்துவிடுவார். அன்றைக்கே சீசர் பஜ்பஜ்ஜுக்குப் போகும், கமலா கேட்ட சலுகையும் கொடுத்தாயிற்று என்றாகிவிடும். முடியாது என்று சொன்னாலோ, சீசர் அன்றைக்குச் சாயங்காலமே போகும்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தில்தான் முதலில் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஃபேன் நின்றுவிட்டதால் பறந்துகொண்டிருந்தது எல்லாம் தரைக்கு வந்துவிட்டது. வந்தது வந்த இடத்தில் கிடந்தது. நான் உள்ளே வரும்போது உருண்டுகொண்டிருந்த ரோமம் இப்போது அசையவில்லை. இத்தனை நாளாக இந்த வீட்டில் பெருக்குகிறவர் ஃபேனைப் போட்டுக்கொண்டு பெருக்கியிருக்கிறார். பெருக்கப் பெருக்க அது பறந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. மே மாதத்தில் கல்கத்தாவில் யார்தான் ஃபேனை அணைப்பார்கள்?

"முடியாது சார்" என்றேன்.

தாதாவுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் நான் தலையை ஆட்டிய விதம் தெரிந்துவிட்டது. "பாகோல் நாகி?" என்று பல்லைக் கடித்தார். பைத்தியமா உனக்கு என்று அர்த்தம். கமலாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. இந்தத் தொழிலில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன், அதை மறக்க முடியவில்லை.

"வீடு முழுக்க முடியாது சார். நாய் இருக்கற வீட்ல ரோமம் இருக்கத்தான் செய்யும். முடியும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ஆனா அப்பா வீடு முழுக்கவா உட்கார்ந்து சாப்பிடப் போறார்? எந்த ரூம்லன்னு சொல்லுங்க. அந்த ஒரு ரூமுக்கு நான் பதில் சொல்றேன். கரண்ட் வர்றவரைக்கும் எனக்கு டயம் குடுங்க."

ராகவன் எழுந்தார். வாசற்கதவை அடுத்த சின்ன அறையைத் திறந்து காட்டினார். அதைத்தான் அப்பாவுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அங்கேயும் ஒரு சின்னக் கம்பளம். அதைச் சுருட்டி வெளியே எடுக்கச் சொன்னேன். கம்பளத்தில் குத்திய ரோமத்தை எந்த மிஷினும் முழுக்க எடுக்காது, இன்றைக்கு நீங்கள் விற்பதும் எடுக்காது. கம்பளத்தை எடுத்துவிட்டால் மிஷினுக்குப் பாதி வேலை குறையும். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்ல ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறீர்கள் என்றுதான் எனக்குப் புரிவதில்லை.

கரண்ட் வரும்வரை எல்லோரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தாதா தன் டையிலிருந்து ஒவ்வொரு ரோமமாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிங்கி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தது, பிறகு வந்து என் சாக்ஸைப் பிடித்து இழுத்தது. நான் பெரிய மிஷினின் ஒயரைச் சுற்றி ஓரமாக வைத்தேன். சின்ன உருளையை எடுத்துக் கூடத்துக்கும் வெளியே, மாடிப்படி நடையில் வைத்தேன். குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்தேன். காற்றை அது நடையில் விட்டுக்கொள்ளட்டும். ஃபேன் சுவிட்சுகளையும் அணைத்துவைத்தேன்.

"மேடம், கரண்ட் வந்ததும் யாரும் ஃபேனைப் போடக்கூடாது. மிஷின்தான் முதல்ல" என்றேன்.

கல்கத்தாவில் இருந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று தெரியும். கரண்ட் வந்ததும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்துவார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் கை, மூளையைக் கேட்காமலே ஃபேன் சுவிட்சுக்குப் போய்விடும். அன்றைக்கும் வெளியே கூச்சல் கேட்டதும் ராகவன் எழுந்து சுவரை நோக்கிப் போனார். பாவம், வேட்டியெல்லாம் நனைந்திருந்தது. கமலா ஓடிப்போய் சுவிட்ச் போர்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"கொஞ்சம் பொறுங்கோளேன்" என்றார்.

நான் அந்த அறையை மூலைமூலையாக ஓட்டினேன். உறுமல் வெளியே நடையில் கேட்டதால் சீசர் வாசல் பக்கம் பார்த்து ஒருமுறை குரைத்துவிட்டுப் படுத்துவிட்டது. தரையில் ஊர்ந்துபோன குழாயை முகர்ந்து பார்த்தது, அவ்வளவுதான். முடித்ததும் ராகவனிடம், "சார், அப்பா உட்கார்ற மாதிரி உட்கார்ந்து பாருங்க" என்றேன். அவர் தயங்கினார். பிறகு அந்த வெள்ளை வேட்டியோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்து அழுத்தினார். எழுந்து, வேட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கைகளைப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை.

"கூடத்துக்கு?" என்றார்.

"கூடத்துக்கு முடியாது சார். குறையும், போகாது" என்றேன்.

இந்தச் சமயத்தில்தான் தாதா சுறுசுறுப்பானார். என் தோள்பையிலிருந்து கறுப்புத் துணியை உருவி விரித்துவிட்டார். சின்ன மிஷினின் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உதறத் தயாராக நின்றார். நான் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தேன். "எகோன் நா, தாதா" என்றேன். இப்போது வேண்டாம் அண்ணா. அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை அன்றோடு சரி என்று நினைத்தேன்.

நான் தடுத்தது மறைப்பதற்காக இல்லை. சொல்ல வேண்டியதை வாயாலேயே சொல்லிவிட்டேன். பையிலிருந்து கொட்டுவது வீட்டை விட்டுப் போன அழுக்கு. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது வீட்டில் இருக்கிற அழுக்காகத்தான் தெரியும். அத்தனை ரோமத்தையும் ஒரே குவியலாகப் பார்த்தால் ராகவன் மனைவியைப் பார்ப்பார், பிறகு சீசரைப் பார்ப்பார். வேறு எந்த வீட்டிலும் அந்தப் பார்வை எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும். இந்த வீட்டில் அது அந்த நாய்களை வெளியே அனுப்பிவிடும். ஆகவே பையைக் கமலாவின் கையில் கொடுத்து, கீழே குப்பைத் தொட்டியில் நீங்களே உதறிவிட்டு வாருங்கள் என்றேன். அவர் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு படியிறங்கினார்.

ராகவன் சின்ன மிஷினை வாங்கினார். பெரியதைத் தாதா கடைசிவரை கையால் தட்டித் தட்டிக் காட்டினார். "தினம் காலையில யார் ஓட்டப் போறாங்க? மேடம்தானே. அவங்களால தினம் தூக்க முடியறதுதான் இந்த வீட்டுக்கு நல்ல மிஷின்" என்றேன். ரோமம் தினமும் கொட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற பெரிய மிஷினால் என்ன பிரயோசனம்? கிளம்பும்போது கமலாவிடம் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்பா அறையில்தான் முதலில் ஓட்ட வேண்டும், நாய் படுத்த இடத்தில் ஓட்டிய பிறகு அதே பிரஷ்ஷோடு அங்கே நுழையக்கூடாது. அந்த அறை வாசற்படியை நாய்கள் தாண்டக்கூடாது. ஃபேனை அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துத்தான் மிஷின்.

பஸ்ஸில் தாதா டையிலிருந்து கடைசி ரோமத்தையும் எடுத்துப் போட்டார். பிறகு, "நீ இல்லை என்று சொன்னாய், இருந்தும் அவன் வாங்கினான். இது எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். ஆனாலும் என்னைப் பற்றி ஆபீசில் நல்லபடியாகவே சொன்னார். காரணத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

துர்கா பூஜை முடிந்த சமயம். அந்த வீட்டுக் கிழவரே ஆபீசுக்குப் போன் செய்து, சுத்தமான இங்கிலீஷில், உங்கள் மிஷினில் கோளாறு, அந்தத் தமிழ்ப் பையனை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் விற்றவனேதான் புகாரையும் போய்ப் பார்க்க வேண்டும். நான் போகும் வழியெல்லாம் அவர் தட்டை விட்டு எழுந்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு போனேன். மணி அடித்தபோது இரண்டு குரலும் கேட்டது. அதுவரை நிம்மதி.

கமலா கதவைத் திறந்தார். பாதியாக இளைத்திருந்தார். "என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியல. தினம் நான்தான் ஓட்டறேன், நன்னாத்தான் இழுக்கறது. என்கிட்ட ஒண்ணுமே சொல்லாம உங்களுக்குப் போன் பண்ணியிருக்கார். எதையோ பாத்துட்டார் போலருக்கு" என்று மெல்லிய குரலில் சொன்னார்.

கிழவர் தன் அறையில் மணையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, விறைப்பான மனிதர். மிஷின் அவர் பக்கத்தில் இருந்தது. என்னை உள்ளே வரச் சொல்லி, கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீதானா அந்தப் பிள்ளை? கூடத்துக்கு முடியாதுன்னு சொன்னியாமே, பையன் சொன்னான்."

"ஆமா சார். இந்த ரூம்ல ஏதாவது ரோமம்..."

"இந்த ரூம்ல ஒரு ரோமம் கிடையாது. அவ அப்படிப் பாத்துக்கறா."

"அப்போ என்ன கோளாறு சார்?"

அவர் சாத்திய கதவைப் பார்த்தார். கூடத்தில் கமலா நாய்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"ரோமமும் இல்ல, மனுஷாளும் இல்ல. வேளாவேளைக்குத் தட்டு வரது. கதவைச் சாத்திண்டு போயிடறா, நாய் வந்துடப்போறதேன்னு. அவா ரெண்டு பேரும் அங்க பேசிண்டே சாப்பிடறது காதுல விழறது. நான் சுவத்தைப் பாத்துண்டு சாப்பிடறேன். கும்பகோணத்துலயும் அதான் பண்ணிண்டிருந்தேன். அதுக்கு ஏன் இவ்வளவு தூரம் ரயில் ஏறி வந்தேன்?"

அந்த ஒரு அறைக்குப் பதில் சொன்னவன் நான்தான். அதற்கு மேல் அன்று யோசிக்கவில்லை.

"நாய் இருக்கற இடத்துல சாப்பிடமாட்டேன்னு வந்த அன்னிக்கே கண்டிப்பா சொல்லிட்டேன். இப்போ நானே எழுந்துபோய்க் கூடத்துல உக்காந்தா என்ன நினைப்பா? கூடத்தையும் இப்படிப் பண்ணித் தர முடியுமா, சொல்லு" என்றார்.

"முடியாது சார்" என்றேன். இரண்டாவது தடவையாக அந்த வீட்டில் அதைச் சொன்னேன். "ஆனா மிஷின்ல கோளாறு இருந்தா சரி பண்ணலாம். சரி பண்ணினப்புறம் கூடத்துல ஓட்டிப் பாக்கணும், அதுதான் முறை."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மூடியைத் திறந்து, நன்றாக இருந்த ஒரு திருகைக் கழற்றி, திரும்ப அதே இடத்தில் மாட்டினேன். கூடத்தில் இப்போது கம்பளம் இல்லை. ஃபேனை அணைக்கச் சொல்லி, மிஷினை நடையில் வைத்து, சுவரிலிருந்து சுவர்வரை ஓட்டினேன். சீசரும் பிங்கியும் பழகிய கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தன. கிழவர் மணையைக் கையில் எடுத்துக்கொண்டு தன் அறை வாசற்படியில் நின்றார்.

"கமலா, மிஷினை சரி பண்ணிட்டான். இன்னிக்கு எனக்கு இங்கயே போட்டுடு" என்றார்.

கமலா நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் அவசர அவசரமாகத் தட்டு வைத்து, சாதம் போட்டு, ரசம் விட்டார். அப்பளம் எடுத்துவர உள்ளே போனார். கிழவர் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குக் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். தட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளை ரோமம் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். இடது கையால் அந்த ரோமத்தை எடுத்தார். கமலா அப்பளத்தோடு வந்தபோது அவருடைய இடது கை மடியில் மூடியிருந்தது.

"மிஷின் சரியாயிடுத்தா அப்பா?" என்று கேட்டார் கமலா.

"ம். இப்போ நன்னா இழுக்கறது. இன்னும் கொஞ்சம் ரசம் விடு" என்றார்.